குற்றத்தின் கடுமையை அளக்கும்போது செய்யக் கூடாதவை

குற்றவியல் ஒப்பாய்வுக் கட்டுரைகளைத் திருத்தும் வேலையில் ஒரே வகைப் பிழைகள் ஆண்டுதோறும் புதிய கைகளிலிருந்து வருகின்றன. பிரிவு எண்ணை மாற்றி எழுதுவது, நீக்கப்பட்ட சட்டத்தை எடுத்துக்காட்டுவது போன்றவற்றை மறுமுறை படிக்கும்போது அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அதிகபட்ச தண்டனையை அளவுகோலாக்குவது

இதைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஓர் இளம் ஆய்வாளர் இங்கிலாந்தின் குற்றங்களைக் கடுமை வாரியாக அடுக்கி ஓர் அட்டவணை கொண்டுவந்தார். அதில் திருட்டு மேலே இருந்தது. ஒருவரை அடித்து உடற்காயம் ஏற்படுத்துவது அதற்குக் கீழே இருந்தது. திருட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை, அந்தத் தாக்குதலுக்கு 5 ஆண்டு. இரண்டு எண்களும் சரிதான். ஆனால் அந்த அட்டவணையை நம்பினால், கடையில் ஒரு சோப்பைத் திருடியவர் அடுத்தவரின் பல்லை உடைத்தவரைவிடப் பெரிய குற்றவாளி. அதன்மீது கட்டிய அத்தியாயங்கள் அத்தனையையும் அவர் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

தாக்குதலுக்கான பிரிவு 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. திருட்டுச் சட்டம் 1968இல் வந்தது. அதில் 10 ஆண்டாக இருந்த உச்சவரம்பை 1991ஆம் ஆண்டுச் சட்டம் 7 ஆண்டாகக் குறைத்தது. வெவ்வேறு காலத்தவர் வெவ்வேறு கவலைகளோடு வைத்த வரம்புகள் இவை. போதாக்குறைக்கு, உச்சவரம்பு அந்தப் பிரிவில் வரக்கூடிய மிக மோசமான வழக்குக்காக வைக்கப்படுவது. திருட்டு என்ற பிரிவுக்குள் அந்தச் சோப்பும் அடங்கும், அருங்காட்சியகத்து ஓவியமும் அடங்கும்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. ஜெர்மனி கீழ்வரம்பைப் பார்க்கிறது: குறைந்தபட்சத் தண்டனை ஓராண்டுச் சிறையாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால்தான் அது பெருங்குற்றம். அதனால் வன்முறையோடு பறிப்பது பெருங்குற்றம். 5 ஆண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய சாதாரணத் திருட்டு பெருங்குற்றம் அல்ல. கனடாவின் குற்றக் கடுமைக் குறியீடு, நீதிமன்றங்கள் உண்மையில் விதித்த தண்டனையைக் கொண்டு எடைபோடுகிறது: எத்தனை விழுக்காட்டினர் சிறைக்குப் போனார்கள், சராசரியாக எவ்வளவு காலத்துக்குப் போனார்கள். கேம்பிரிட்ஜ் தீங்குக் குறியீடு, நீதிபதிகளுக்கான தண்டனை வழிகாட்டுநெறிகள் தரும் தொடக்கப்புள்ளியை, அதாவது தண்டனையைக் கணக்கிடத் தொடங்கும் அளவை, எடுத்துக்கொள்கிறது. மூன்றும் மூன்று விடைகள் தரும். எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிணை வகையைப் பார்த்து முடிவுகட்டுவது

‘பிணையில் விட இயலாத குற்றம்’ என்றதும் படுபயங்கரமானது என்று எழுதிவிடுகிறார்கள். இந்தியாவில் 2024 வரை நடப்பில் இருந்த 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் கீழ் திருட்டு அந்த வகையில் இருந்தது. கவனக்குறைவால் ஓர் உயிரைப் போக்குவதோ பிணையில் விடத்தக்கதாக இருந்தது. பிணையை உரிமையாகக் கேட்கலாமா, நீதிமன்றத்தின் முடிவுக்கு விடவேண்டுமா என்பதை மட்டுமே இந்தப் பிரிவினை சொல்கிறது.

விளைவை மட்டும் எடைபோடுவது

இங்கிலாந்தின் 2020ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், நேர்ந்த தீங்கோடு, குற்றவாளி செய்ய நினைத்த தீங்கையும், நேரக்கூடும் என்று முன்கூட்டியே உணரத்தக்க தீங்கையும் பார்க்கச் சொல்கிறது. கூடவே அவருடைய பொறுப்பின் அளவையும். குண்டு குறிதவறியது என்பதற்காகக் கொலைமுயற்சி அற்பமாகிவிடாது.

வெறும் எண்ணிக்கையைக் கூட்டுவது

ஒரு கொலையும் ஒரு கடைத்திருட்டும் சேர்ந்து ‘இரண்டு குற்றங்கள்’ என்று எழுதாதீர்கள்.

பழைய குற்றப் பதிவைக் கலப்பது

அமெரிக்க மாநிலமான மினசோட்டா 1980இல் கொண்டுவந்த தண்டனை அட்டவணையில் குற்றத்தின் கடுமை ஓர் அச்சு, குற்றவாளியின் முந்தைய பதிவு இன்னோர் அச்சு. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாக்கிவிட்டால், தண்டனை செயலுக்காக ஏறியதா, ஆளின் கடந்த காலத்துக்காக ஏறியதா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.