உருளக்கெழங்குல ஆஸ்மோசிஸ்: சீனித் தண்ணி கலக்குறதுதான் பெரிய வேல

எங்க அக்கா மவன் பாரம் ஃபோர், பயோலஜில செல் சவ்வு பாடம் வந்ததும் மலேசியா சுங்கை சிப்புட்டுல எங்க வீட்டு அடுப்படிதான் லேப். ஆஸ்மோசிஸ்னா செல் சவ்வு வழியா, சீனி மாதிரி கரைஞ்சது கம்மியா இருக்குற பக்கத்துல இருந்து கூட இருக்குற பக்கத்துக்கு தண்ணி போறது, மிச்சம் பாட புக்குலயே இருக்கு, அத விட்டுடுவோம். நாம தேடுறது ஒன்னுதான், எந்த அளவு சீனித் தண்ணியில கெழங்கு எடை கூடாம குறையாம நிக்குது?

1) மொதல்ல 1 மோலார் (ஒரு லிட்டர் கரைசல்ல ஒரு மோல்) சீனித் தண்ணி, 250 மில்லி. சீனி, அதாவது சுக்ரோஸ், ஒரு மோல் 342 கிராம், அப்ப நமக்கு 85.5 கிராம். பாதிப் பேரு கோட்ட விடுறது இங்கதான், 250 மில்லி தண்ணிய அளந்து வச்சு அதுல சீனியக் கொட்டிடுறாங்க. சீனியும் எடம் புடிக்கும்ல, மொத்தம் 300 மில்லிய தாண்டிடும், அது 1 மோலாரே இல்ல, 0.8 சொச்சம்தான். அதனால காலி ஜார தராசுல வச்சு ஸீரோ பண்ணி, 250 கிராம் தண்ணி ஊத்தி, மட்டத்துல மார்க்கர்ல கோடு போடுங்க. தண்ணிய கொட்டிட்டு, சீனிய போட்டு பாதி ஜார் தண்ணியில நல்லா கரைச்சு, அப்புறம் கோடு வரைக்கும் ஊத்துங்க. சுடுதண்ணியில கரைச்சா ஆறுன பொறவுதான் கோட்டுக்கு நிரப்பணும்.

2) 0.2 மோலாருக்கு இதுல 20 மில்லி, தண்ணி 80 மில்லி. 0.1ல இருந்து 0.5 வரைக்கும் இதே கணக்கு, கூட ஒரு வெறும் தண்ணி கிண்ணம். அளக்குற கப்பெல்லாம் வேஸ்ட்டு லா, பார்மசில 20 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கோங்க. தராசு 0.01 கிராம் காட்டணும், சமையல் தராசு ஆவாது.

3) தோல் சீவி, ஒரே கெழங்குல 5 சென்டி நீளத்துக்கு வெட்டி, டிஷ்யூல ஒத்தி எடுத்து நிறுத்துட்டு கிண்ணத்துக்கு ஒரு துண்டா போடுங்க. மூனு நாலு மணி நேரம் ஊறட்டும். எறும்பு மொய்க்கும், அதனால கிண்ணத்த தண்ணி ஊத்துன தட்டுல வைங்க.

4) எடுத்ததும் மறுபடி ஒத்துங்க. தொடைக்கவும் வேணாம், பிழியவும் வேணாம், நாலு பக்கமும் ஒரே மாதிரி லேசா ஒத்துனா போதும், மேல ஒட்டியிருக்குற தண்ணிதான் கணக்க கெடுக்கும். கிராம் வித்தியாசத்த அப்படியே எழுதாதீங்க, ஒவ்வொரு துண்டும் வேற எடைல. 5.20 வந்து 5.59 ஆனா 7.5 சதவீதம் கூடியிருக்கு.

கீழ மோலார், பக்கத்துல எடை மாறுன சதவீதம்னு கிராஃப் போட்டா கோடு பூஜ்யத்த வெட்டுற எடம்தான் நாம தேடுறது, பெரும்பாலும் 0.2, 0.3 பக்கம் வரும். அங்க தண்ணி நின்னு போயிடல, உள்ள போற அளவே வெளியவும் வருது. தண்ணி சவ்வுல போக அக்குவாபோரின்னு தனி வாசலே இருக்கு, அத கண்டுபிடிச்சதுக்கு பீட்டர் அக்ருக்கு 2003ல கெமிஸ்ட்ரி நோபல் குடுத்தாங்க. சீனிக்கு அந்த வாசல்ல எடமில்ல.

அப்டேட்: சீனிக்கு பதிலா உப்பு போட்டு செஞ்சேன், எல்லாத்துலயும் கெழங்கு தொவண்டு போச்சுன்னு கமெண்ட்ல ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. உப்பு தண்ணியில சோடியம், குளோரைடுன்னு ரெண்டா பிரியும்மா, அதனால அதே மோலாருக்கு தண்ணிய இழுக்குற இழுப்பு கிட்டத்தட்ட டபுள். ஒரு மோல் 58.4 கிராம், 0.05, 0.1, 0.15, 0.2ன்னு கிட்ட கிட்ட வச்சு செஞ்சு பாருங்க, வெட்டுற எடம் அதுக்குள்ளயே வந்துடும்.