கம்பளச் சுறா வரிசையை இனங்காண்பது எப்படி?

சுறாவைக் கண்டதும் பலரும் நிறத்தையும் வரிகளையும்தான் முதலில் கவனிக்கிறார்கள்; வகைப்பாட்டில் அதைப் போல ஏமாற்றும் அடையாளம் வேறில்லை. இந்தியக் கடல்களில் கிடைக்கும் கம்பளச் சுறாவான சாம்பல் மூங்கில் சுறாவின் குட்டிக்கு உடலெங்கும் கரும்பட்டைகள் இருக்கும். வளர்ந்ததும் அவை மறைந்து, ஒரே சாம்பல் பழுப்பாகிவிடும். ஆகவே துடுப்பிலிருந்து தொடங்குங்கள்.

வாலுக்கு முன்னால் வயிற்றுப்புறத்தில் குதத் துடுப்பு இல்லையென்றால், அது கம்பளச் சுறா, அதாவது ஒரெக்டோலோபிஃபார்மிஸ் என்னும் வரிசையை (பல குடும்பங்கள் அடங்கிய வகைப்பாட்டுப் பிரிவை) சேர்ந்ததன்று. இருந்தால் செவுள் பிளவுகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பிளவுகளும், முள்ளில்லாத இரண்டு முதுகுத் துடுப்புகளும் இருந்தால் மேலே செல்லலாம். துடுப்பின் முன் முள் நின்றால் அது கொம்புச் சுறா.

அடுத்ததே தீர்ப்பளிக்கும் சோதனை. இரு கண்களின் முன்விளிம்பையும் தொடுமாறு தலையின் குறுக்கே ஓர் அளவுகோலை வையுங்கள். கம்பளச் சுறாவின் வாய் முழுவதும் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே அடங்கிவிடும். புள்ளியும் பட்டையும் கொண்டு கடலடியில் வாழும் பூனைச் சுறாவை மூங்கில் சுறாவென்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் அதன் வாய் கோட்டைத் தாண்டிப் பின்னே நீளும். பிறகு மூக்குத்துளையைப் பாருங்கள்: உள்விளிம்பில் மீசை போன்ற ஓர் இழை தொங்கும், துளையிலிருந்து வாய் வரை ஒரு பள்ளம் ஓடும்.

இவ்வரிசையின் ஏழு குடும்பங்களையும் பிரிப்பதற்கு வாலும் தலையும் பெரும்பாலும் போதும். மூங்கில் சுறாவின் குதத் துடுப்பு தாழ்ந்து நீண்டு, வால்துடுப்பை ஒட்டியே இருக்கும். இரண்டையும் ஒரு வெட்டு மட்டுமே பிரிக்கும். வரிக்குதிரைச் சுறாவுக்கு உடலில் பாதியளவு வால்தான்; குட்டியில் வரி, வளர்ந்தபின் புள்ளி என்பதால் அதன் பெயரே குழப்பும். ஆஸ்திரேலியக் கடல்களில் மிகுதியாக வாழும் வாபிகாங் சுறாவின் தலையோரத்தில் தோல் குஞ்சங்கள் தொங்கும்.

திமிங்கலச் சுறா இவ்வரிசைதான் என்றால் நம்பத் தயங்குவார்கள். அதன் வாய் மூஞ்சியின் நுனியிலேயே அமைந்திருப்பதைப் பாருங்கள். 2001 முதல் இந்தியாவில் சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிரினம் அது. வலையில் அதன் வெண்புள்ளிகள் தெரிந்தால், அங்கே மட்டும் நிறத்தையே நம்பி, அளவுகோலைத் தேடாமல் வலையை அறுத்து விட்டுவிடுங்கள்.