தொண்டு நிறுவனம் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வங்கதேசத்தின் வடக்கே ரங்பூர் பகுதியில், நெல் நடவு முடிந்தால் அறுவடை வரை கூலி வேலை கிடைப்பது அரிது. அந்தப் பசி மாதங்களை அங்கே 'மொங்கா' என்கிறார்கள். பஸ் செலவுக்குச் சிறு கடன் கொடுத்தால் வீட்டில் ஒருவர் வெளியூர் போய்ச் சம்பாதித்து வருவார், அடுப்பு எரியும். ஆரம்பச் சோதனைகளில் இது நன்றாகவே பலித்தது. எவிடன்ஸ் ஆக்‌ஷன் என்ற நிறுவனம் இதைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனது.

2017-ல் அளந்து பார்த்தபோது, வெளியூர் போனவர்கள் குறிப்பிடும்படி கூடவில்லை. கடன் கொடுக்கும் ஊழியர்கள், எப்படியும் வெளியூர் போகக்கூடியவர்களையே தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பஸ் காசு இல்லாமல் தவித்தவர் விடுபட்டுப் போனார். 2019-ல் அந்த நிறுவனம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லித் திட்டத்தை மூடியது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வளர்ச்சிப் பணியில் நான் முதலில் வைக்கும் தவறு இதுதான்: கொடுத்ததை எண்ணுவது, பலித்ததை எண்ணாமல் விடுவது. ஊழியரை எதை வைத்து மதிப்பிடுகிறீர்களோ அதைத்தான் அவர் செய்வார். அவர்மேல் குற்றமில்லை.

இதைச் சரியாகச் செய்து காட்டியதும் வங்கதேசம்தான். 1980-ல் அந்த நாட்டின் தொண்டு நிறுவனமான பிராக், வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கலந்த நீரை வீட்டிலேயே தயாரிக்க வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குக் கற்றுத்தரத் தொடங்கியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். ஊழியர் எத்தனை வீடு ஏறினார் என்பதற்குச் சம்பளம் இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளில் கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்து ஊழியருக்குச் சம்பளம்.

அதிலும் ஒரு சறுக்கல் வந்தது. தாய்மார்களுக்கு நினைவிருந்தது, ஆனால் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. விசாரித்தால், சொல்லிக்கொடுத்த ஊழியர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அந்த நீரை நம்பாமல் மாத்திரைக்குப் போயிருந்தார்கள்! அவர்களுக்கு அது ஏன் வேலை செய்கிறது என்பதை முதலிலிருந்து விளக்கினார்கள். வீட்டு ஆண்களிடமும் பேசினார்கள். 1990-க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். உங்கள் ஊழியர்கள் உங்கள் திட்டத்தைத் தங்கள் வீட்டில் பயன்படுத்துவார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, நன்கொடையாளரின் கண்ணுக்கு அழகாகத் தெரிவதைக் களத்துக்கு நல்லது என்று நம்பிவிடுவது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் 'பிளே பம்ப்' அப்படி வந்ததுதான். 2006-ல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். 2010-க்குள் 4,000 பம்புகள் இலக்கு. குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பெண்கள்தான் குனிந்து அதைச் சுற்ற வேண்டியிருந்தது. பழுதானால் ஊரில் சரிசெய்ய ஆளில்லை. சாதாரணக் கைப்பம்பைவிடப் பல மடங்கு விலை வேறு. தண்ணீர் சுமக்கும் பெண்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

நிர்வாகச் செலவை முடிந்தவரை குறைத்துக் காட்டுவதும் ஆபத்து. இந்தியாவில் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பை 2020 சட்டத்திருத்தம் 20 சதவீதமாக்கியது. அந்த நெருக்கடியில் பலர் முதலில் வெட்ட நினைப்பது கணக்காளரையும் கண்காணிப்பையும்தான். பலித்ததா என்று பார்க்கும் கண்ணையே இழப்பது அது. அங்கே கை வைக்காதீர்கள்.

அப்புறம், ஒரே நன்கொடையாளரை நம்பி இருப்பது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும், டாக்காவின் புகழ்பெற்ற வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. உங்கள் பெரிய நன்கொடை நாளை நின்றால் எந்த வேலையை விடுவீர்கள், எதை எப்பாடு பட்டாவது தொடர்வீர்கள் என்று பணம் வந்துகொண்டிருக்கும்போதே ஊழியர்களோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள்.