உப்புக் கொல்லையில் கத்தரி: சூடோமோனாஸை உயிரோடு வேருக்குக் கொண்டுபோவது எப்படி

காரைக்குடியில் எங்கள் கொல்லைக்குப் போர் தண்ணீர்தான். வருஷக்கணக்கில் பாய்ச்சியதில் மண் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நட்ட கத்தரி நாற்று இலை ஓரம் கருகி அப்படியே குன்றி நிற்கும். இந்தப் பட்டத்தில்தான் காய் பறித்தேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் மண் பரிசோதனை. கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, காய்ந்தால் பாளமாக இறுகும் மண் என்றால் அது களர், அதற்கு ஜிப்சம் வேண்டும். நான் சொல்வது உவர் மண்ணுக்கு, அதாவது உப்புப் பூத்த மண்ணுக்கு.

உப்பு ஏறினால் செடிக்குள் எத்திலீன் என்ற வாயு கூடி வேர் வளர்ச்சி தடைபடும். சூடோமோனாஸ், பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகளில் பல, அந்த எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏ.சி.சி.யைச் சிதைத்துவிடுகின்றன. வேரும் இறங்குகிறது.

விதை நேர்த்திக்கு, அதாவது விதைக்கும் முன் விதையில் ஏற்றுவதற்கு, சூடோமோனாஸ் தூள்தான் நல்லது, விதையில் ஒட்டும் (திரவம் அதிக நாள் கெடாது, ஆனால் அதை நான் சொட்டுநீருக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்). கிலோ விதைக்கு 10 கிராம், வீட்டுக்கு ஒரு சிட்டிகை போதும். பாக்கெட்டில் காலாவதி தேதியைப் பாருங்கள், கடையில் வெயில் படும் இடத்தில் கிடந்ததை வாங்காதீர்கள்.

இனி நான் சறுக்கிய இடம். தூள் ஒட்டுவதற்கு வடிகஞ்சி சேர்க்க வேண்டும். சோறு வடித்த கஞ்சியை விரல் பொறுக்கும் சூட்டிலேயே ஊற்றிவிட்டேன், போதாததற்கு அது உப்புப் போட்டு வடித்த கஞ்சி. நமக்கு இளஞ்சூடு என்பது இந்த நுண்ணுயிருக்குத் தாங்காது, ஒரு பட்டம் முழுக்க வீண். இப்போது உப்பில்லாமல் வடித்து, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, பாத்திரத்தின் அடி சில்லென்று இருந்தால்தான் தொடுகிறேன். அப்புறம் அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள்.

நாற்றைப் பிடுங்கி நடும்போது லிட்டருக்கு 10 கிராம் தூள் கரைத்து, வேரை 20 நிமிடம் நனைத்து, சாயங்காலமாக நட்டேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீரும் வேண்டாம். எங்கள் வளவு முற்றத்தில் ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்திருந்தோம், அதில்தான் கரைத்தேன். குழியில் மக்கிய சாணி எருவும் போடுங்கள். பச்சைச் சாணி ஆகாது.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஓர் அக்கா, எல்லாம் செய்தும் செடி தேறவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்தால், நட்ட மூன்றாம் நாள் வேரில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சாண மருந்தை ஊற்றியிருக்கிறார். தாமிரம் பாக்டீரியாவைக் கொல்லும், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது.

உப்பு போய்விடுமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். போகாது. பாக்டீரியா செடியைத் தாங்க வைக்கும், அவ்வளவுதான். உப்பை இறக்க நல்ல தண்ணீர் வேண்டும், நமக்கு அது ஐப்பசி கார்த்திகை மழை. பாத்தியைச் சுற்றி ஒரு முழம் வரப்பு கட்டி மழையைத் தேக்கி மண்ணுக்குள் இறங்கவிட்டு, வடிந்ததும் வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். வெறும் மண்ணாக விட்டால் வெயில் ஏற ஏற உப்பு மறுபடி மேலே வந்துவிடும்.