இரண்டாவது மானிட்டரால் கேம் திக்குகிறதா? கார்டை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, என் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று நினைக்கிறேன். புதிதாக எது வாங்கலாம்?" என்று கேட்டான். அந்தக் கார்டு வாங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. எதையும் வாங்காதே என்று சொல்லிவிட்டு மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன்.

மேசையில் 27 அங்குல, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது ஒரு நொடியில் 144 முறை படத்தைப் புதுப்பிப்பது. பக்கத்தில் வீட்டில் சும்மா கிடந்த 60 ஹெர்ட்ஸ் பழைய மானிட்டர். பெரியதில் கேம், சின்னதில் கிரிக்கெட் நேரலை. கேமின் மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கை 140 என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் மவுஸைத் திருப்பும்போது எதிரே இருந்த சுவர் வழுக்கிக்கொண்டு நகரவில்லை. படி இறங்குவதுபோல் தட்டித் தட்டி நகர்ந்தது. கிரிக்கெட் ஓடிய சாளரத்தைச் சுருக்கச் சொன்னேன். உடனே சீரானது. மறுபடி விரித்தான், மறுபடி திக்கியது. கார்டின் மேல் குற்றமில்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

வேகம் பொருந்தாத இரண்டு மானிட்டர்களை இணைத்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பணத்தை வீணாக்குகிறார்கள். கார்டுக்குப் போதிய பலம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் பலத்துக்குக் குறைவே இருப்பதில்லை, கால அளவுதான் இடறுகிறது. இரண்டையும் பிரித்தறியாமல் செய்யும் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம்தான்.

மூலையில் தெரியும் எண்ணை மட்டும் நம்புவது

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.94 மில்லி நொடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அந்த இடைவெளி 16.67 மில்லி நொடி. 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4 வருகிறது. அதாவது இரண்டு திரைகளின் துடிப்பும் ஒழுங்காக ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதே இல்லை. மூலையில் தெரியும் எண், கார்டு ஒரு நொடியில் எத்தனை படங்களை வரைந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. வரைந்த படம் உரிய நேரத்தில் கண்ணெதிரே வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே முதலில் எந்த நோய் என்று பாருங்கள். எண்ணே 140இலிருந்து 95க்கு இறங்குகிறது என்றால் அது சுமை. கார்டையோ புராசஸரையோ வேறு ஏதோ ஒன்று பங்கு போட்டுக்கொள்கிறது. எண் அப்படியே நிற்க, படம் மட்டும் திக்குகிறது என்றால் அது காலப் பிசகு. எண் அசையாமல் சரியாக 60இல் நிற்கிறது என்றால் அது வீழ்ச்சியே இல்லை. எங்கோ ஒரு பூட்டு விழுந்திருக்கிறது. கேம் தவறான மானிட்டரின் வேகத்தை எடுத்துக்கொண்டு வி-சிங்க் (படங்களை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) போட்டிருக்கலாம். விண்டோஸ் அமைப்பில் கேம் ஆடும் மானிட்டரையே முதன்மைத் திரையாக்கி, கேமுக்குள்ளும் அந்த மானிட்டரையும் அதன் வேகத்தையும் தேர்ந்தெடுத்தால் பூட்டு பெரும்பாலும் கழன்றுவிடும்.

ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை, ஃப்ரேம் டைம் என்னும் கோடாக வரைந்து காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. ரிவா டியூனர், கேப்ஃப்ரேம்எக்ஸ் ஆகியவற்றில் எது வேண்டுமானாலும் போதும். கேமில் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை இரண்டிரண்டு நிமிடம் ஓடிப் பாருங்கள். முதல் முறை விண்டோஸ் விசையுடன் 'P' விசையை அழுத்தி ஒரு திரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இரண்டு திரைகளும் இருக்கட்டும், ஆனால் இரண்டாவதில் வெறும் டெஸ்க்டாப். கடைசியாக, அதில் வழக்கம்போல் வீடியோ ஓடட்டும். முதல் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாமல் மூன்றாவது மட்டும் கெட்டால், மானிட்டரைக் குறை சொல்ல இடமில்லை. அதில் ஓடுவதைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது மானிட்டர் இருந்தாலே கார்டின் பலம் பாதியாகிவிடும் என்ற பேச்சை இந்தச் சோதனையே உடைத்துவிடும். 1920×1080 திரையின் ஒரு முழுப் படம் கார்டின் நினைவகத்தில் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 8 மெகாபைட். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கார்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அசையாத டெஸ்க்டாப் கேமிடமிருந்து பறிப்பது மிகச் சொற்பம். அசையும் வால்பேப்பரும் ஓடும் வீடியோவும் வேறு கதை.

விண்டோஸ் பதிப்பைப் பார்க்காமலே மற்றதையெல்லாம் மாற்றுவது

அக்கா மகனின் கணினியில் விண்டோஸ் விசையுடன் 'ஆர்' அழுத்தி, 'வின்வெர்' (winver) என்ற கட்டளையைத் தட்டினோம். விண்டோஸ் 10, பதிப்பு 1909 என்று வந்தது. பாதிக் காரணம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

சாளரங்களையெல்லாம் ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்பும் வேலையை விண்டோஸில் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்ற பகுதி செய்கிறது. பழைய பதிப்புகளில் அது வெவ்வேறு வேகமுள்ள திரைகளைத் தனித்தனியாக நடத்தத் தெரியாமல் இருந்தது. வேகமான காளையையும் மெதுவான காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி எந்த வேகத்தில் போகும்? 60 ஹெர்ட்ஸ் திரையில் ஏதாவது அசையத் தொடங்கினால், 144 ஹெர்ட்ஸ் திரையில் சாளரமாக ஓடும் கேமும் அந்த நடைக்கு இழுபட்டது. கிரிக்கெட்டைச் சுருக்கினால் அசைவு நின்றது, நுகமும் கழன்றது. அன்று நாங்கள் கண்ணால் பார்த்தது அதைத்தான்.

2020 மே மாதம் வந்த 2004 என்ற பதிப்பில் மைக்ரோசாப்ட் இதைப் பெருமளவு சரிசெய்தது. அந்த 2004 ஓர் ஆண்டைக் குறிப்பதல்ல; 2020ஆம் ஆண்டின் 4ஆம் மாதத்தைக் குறிக்கும் எண். அதற்குப் பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளிலும் விண்டோஸ் 11இலும் திரைகள் தத்தம் வேகத்தில் நடக்கின்றன. நீங்கள் இன்னும் அதற்கு முந்தைய பதிப்பில் இருந்தால், வேறு எதையும் தொடும் முன் புதுப்பித்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவே 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பழைய அறிவுரைகளையும் இந்தத் தேதியை வைத்தே எடைபோட வேண்டும். 144ஐ 120 ஆக்கு என்ற யோசனை அப்போது பிறந்தது. 120ஐ 60ஆல் மீதமின்றி வகுக்க முடியும் என்பதால் இரண்டு துடிப்புகளும் ஒழுங்காகச் சந்திக்கும், திக்கல் குறையும். அது பொய்யான யோசனை அல்ல. ஆனால் புதிய பதிப்பு வைத்திருப்பவர் முதல் வேலையாக அதைச் செய்தால், காசு கொடுத்து வாங்கிய 24 ஹெர்ட்ஸைக் காரணமில்லாமல் விட்டுக்கொடுக்கிறார். கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேமை எந்த முறையில் ஓட்டுகிறோம் என்று கவனிக்காதது

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பார்டர்லெஸ் முறை மிகவும் பிடிக்கும். மவுஸை அடுத்த திரைக்குக் கொண்டுபோக கேம் தடுக்காது, ஆல்ட்-டாப் அழுத்தினால் திரை இருண்டு விழிக்காது. வசதிதான். ஆனால் பார்வைக்கு முழுத்திரைபோல் இருந்தாலும் அது ஒரு சாளரமே. பழைய முறையில் எழுதப்பட்ட கேமாக இருந்தால், அதன் ஒவ்வொரு படமும் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜரின் கைவழியாகப் போய்த்தான் திரையை அடைகிறது. இடையில் ஒரு கை கூடினால் தாமதமும் திக்கலும் அந்தக் கையிலிருந்து வரலாம்.

முழுத்திரை முறை இருந்தால் அதற்கு மாற்றி ஒருமுறை ஆடிப் பாருங்கள். அதில் சரியாகிவிட்டால் காரணம் பிடிபட்டது. பார்டர்லெஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு விண்டோஸ் 11இல் ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் என்ற இடத்தில், சாளர முறை கேம்களைச் சீராக்கும் ஒரு பொத்தான் உண்டு. டைரக்ட்எக்ஸ் (கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்தும் விண்டோஸ் பகுதி) 10, 11 கேம்களை அது புதிய முறைக்கு மாற்றி, இடைக்கையைத் தவிர்க்கப் பார்க்கும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் ஏற்கெனவே அந்தப் புதிய முறையில்தான் ஓடுகின்றன என்பதால் அவற்றுக்கு இந்தப் பொத்தானால் பயனில்லை.

ஜி-சிங்க் (கார்டு படம் தரும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரின் வேகத்தை மாற்றும் என்விடியா வசதி) வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் முழுத்திரைக்கு மட்டும் என்றும், சாளரத்துக்கும் முழுத்திரைக்கும் சேர்த்து என்றும் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இரண்டாவதைப் போட்டிருந்தால் சில நேரம் கேம் அல்லாத சாளரத்தையும் அது பிடித்துக்கொண்டு தடுமாறும். முழுத்திரையில் ஆடுபவர்களுக்கு முதல் தேர்வே நல்லது. அதோடு ஃப்ரேம் எண்ணிக்கைக்கு மானிட்டரின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, 144க்கு 141 என்பதுபோல், ஒரு வரம்பு வையுங்கள். கார்டு முழு மூச்சில் ஓடாமல் கொஞ்சம் இடம் விட்டால் பக்கத்துத் திரை வீடியோவுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

பிரவுசரின் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு அணைப்பது

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். சிலருக்குப் பலிக்கும், அதனால்தான் பரவியிருக்கிறது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். சுருக்கி அனுப்பப்படும் வீடியோவைப் படங்களாகப் பிரிப்பதற்கென்றே கிராபிக்ஸ் கார்டில் தனிச் சுற்று உண்டு; ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்பது பிரவுசர் அதைப் பயன்படுத்துவதுதான். நீங்கள் அணைத்தால் அந்த வேலை முழுவதும் புராசஸரின் தலையில் விழுகிறது. 4கே வீடியோவைப் புராசஸர் பிரிக்கத் தொடங்கினால், புராசஸரையே நம்பி ஓடும் கேம்கள் முன்பைவிட மோசமாகத் திணறும். 6 கோர் புராசஸரில் ஒருமுறை அணைத்துப் பார்த்தேன். எண்ணிக்கை ஏறவில்லை, ஃப்ரேம் டைம் கோடு முள்வேலிபோல் ஆனது. மறுபடி போட்டுவிட்டேன்.

அதைவிட எளிய வழி வீடியோவின் தரத்தைக் குறைப்பதுதான். பழைய 1080 மானிட்டரில் 4கே நேரலை பார்ப்பதால் கண்ணுக்கு லாபம் சொற்பம், கணினிக்குச் சுமை அதிகம். 720இல் வைத்தால் பந்து தெரியும், ஸ்கோரும் தெரியும்.

கேபிளையும் துளையையும் ஆராயாமல் விடுவது

கேம் ஆடும் மானிட்டரின் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகியிருப்பவர்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். அப்படிச் செருகினால் கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் நகலெடுக்கப்பட்டு, புராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போகும். அது கட்டாயம் கார்டில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது மானிட்டரின் கதை வேறு. அதை மதர்போர்டில் செருகினால் சில கணினிகளில் கார்டுக்கு இளைப்பாறல் கிடைக்கிறது, சிலவற்றில் புதிய திக்கல் முளைக்கிறது. இரண்டையும் அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

புதிய மானிட்டர் 144 ஹெர்ட்ஸாக இருந்தாலும் விண்டோஸ் பெரும்பாலும் 60இல்தான் தொடங்கும். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் நீங்களே மாற்ற வேண்டும். பட்டியலில் 144 வரவே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 2560×1440 தெளிவில் 144 ஹெர்ட்ஸ் வராது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அதைத் தாங்கும். இரண்டு திரைகளிலும் ஒரே காட்சியைக் காட்டும் டூப்ளிகேட் முறையையும் விட்டுவிடுங்கள். அதில் இரண்டுக்கும் பொதுவான அளவையும் வேகத்தையும் விண்டோஸ் தேட, இழப்பு நல்ல மானிட்டருக்குத்தான்.

மடிக்கணினியில் துளைகள் எங்கே போகின்றன என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். பலவற்றில் உள்திரை சிறிய கிராபிக்ஸ் வழியாகவும், வெளியே போகும் எச்டிஎம்ஐ நேரடியாகப் பெரிய கார்டிலிருந்தும் வருகின்றன. வெளி மானிட்டரை மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள்.

விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து, மல்டிபிளேன் ஓவர்லே (சாளரங்களைத் தனி அடுக்குகளாக நேரே திரைக்கு அனுப்பும் வசதி) என்பதை அணைக்கச் சொல்லும் குறிப்பும் கண்ணில் படும். சாளரங்கள் மினுக்கும் கோளாறுக்காக என்விடியாவே அதை அணைக்கவும் மீட்கவும் கோப்புகள் கொடுத்தது உண்மை. ஆனால் திக்கலுக்கு அது முதல் மருந்து அல்ல. அணைத்தால் சாளர முறை கேம்கள் மீண்டும் இடைக்கையில் போய் மாட்டிக்கொள்ளக்கூடும். மேலே சொன்ன எதுவும் பலிக்காதபோது, மீட்கும் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு முயலுங்கள். எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே இரண்டு நிமிடம் ஓடிப் பாருங்கள். ஐந்தை ஒரேயடியாக மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த டிரைவர் புதுப்பிப்பில் மறுபடி முதலிலிருந்து தேட நேரிடும்.

அக்கா மகனின் கணினியில் விண்டோஸைப் புதுப்பித்ததும் பெரும்பகுதி அடங்கியது. அவன் தினமும் ஆடும் கேமை முழுத்திரைக்கு மாற்றி, 141 வரம்பு வைத்ததும் கோடு நேரானது. முழுத்திரை முறையே இல்லாத பழைய கேம் ஒன்றில் மட்டும் நேரலை ஓடும்போது மெல்லிய திக்கல் மிஞ்சியது. அதை ஆடும்போது மட்டும் மானிட்டரை 120க்கு இறக்கிக்கொள்கிறான். அந்தத் திக்கலும் இப்போது இல்லை.