பால்மாப் பேணியில் தொடங்கும் பிளாஸ்மாப் படம்

அணுக்கரு இணைவு உலைக்குள் பாயும் வேக இலத்திரன்களைப் படமெடுக்கும் கமராவில் கண்ணாடி வில்லை கிடையாது. அந்த இலத்திரன்கள் உமிழும் எக்ஸ் கதிர்களைக் கண்ணாடி வில்லையால் குவிக்க முடியாது. ஈயத்தில் ஒரு துளை, பின்னால் ஒரு திரை. இந்த எளிமை என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இதை வீட்டிலேயே செய்து விளங்கிக்கொள்ளலாம். முதலில் வெறும் பால்மாப் பேணியின் அடியில் ஆணியால் ஓட்டையிடுங்கள். அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டி, குண்டூசியால் 1 மில்லிமீற்றர் துளை போடுங்கள். தேங்காயெண்ணெய் தடவிய வெள்ளைத் தாளைப் பேணியின் வாயில் இறுக்கிக் கட்டுங்கள். அதுதான் திரை. கறுப்புத் துணியால் தலையையும் திரையையும் சேர்த்து மூடிக்கொள்ளுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்ப வேண்டாம்.

திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போங்கள். 60 மீற்றர் தள்ளி நிற்கும் 12 மீற்றர் தென்னை, 12 சென்ரிமீற்றர் நீளப் பேணியில் 2.4 சென்ரிமீற்றர் உயரத்தில் தலைகீழாக விழும். இப்போது துளையை 3 மில்லிமீற்றராக்குங்கள். வெளிச்சம் கூடும், ஓலைகள் கலங்கும். கோட்டைப் பக்கம் மேயும் மான்களைப் பார்த்தால் சிக்கல் இன்னும் விளங்கும்: சிறிய துளையில் உருவத்துக்கு வெளிச்சம் போதாது, பெரிய துளையில் கொம்பே தெரியாது. வெளிச்சமா, கூர்மையா என்ற இந்த இழுபறியை உலைக் கமராவும் தீர்த்தாக வேண்டும்.

உலையில் பிளாஸ்மா, அதாவது அயன்களும் இலத்திரன்களுமாகப் பிரிந்த மிகச் சூடான வாயு, உளுந்து வடை வடிவில் காந்தப்புலத்தால் கட்டுண்டிருக்கிறது. நுண்ணலைகள் சில இலத்திரன்களை 100 கிலோ இலத்திரன்வோல்ற்று ஆற்றல் வரை தள்ளுகின்றன. அந்த ஆற்றலில் அவற்றின் வேகம் ஒளிவேகத்தில் பாதிக்கும் மேல். அயன்களை நெருங்கி வளையும்போது அவை வன் எக்ஸ் கதிர்களை, அதாவது ஆற்றல் கூடிய எக்ஸ் கதிர்களை, உமிழ்கின்றன. சாதாரண இலத்திரன்களின் மென் கதிர்களை ஓர் உலோகத் தகடு தடுத்துவிடும். எஞ்சியதைச் சீசியம் அயடைட்டுப் படிகம் கட்புல ஒளியாக்குகிறது. 1990களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வுகூடத்தில் இருந்த பிபிஎக்ஸ்-எம் என்ற இணைவுக் கருவியில் இத்தகைய ஊசித்துளைக் கமரா இயங்கியது.

இலத்திரன்கள் உலையில் எங்கே இருக்கின்றன என்று படத்திலிருந்து கணிக்கும் கடைசிப் படிதான் கடினம். இரவில் குடாவில் ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு படகுகளின் விளக்குகள் ஒன்றாகத் தெரிவதுபோல, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பார்வைக்கோட்டில் வரும் கதிர்களின் மொத்தம். பிளாஸ்மாவின் வெளி ஓரத்தைத் தொடும் கோடு வெளி அடுக்கை மட்டுமே கடக்கும். அதைக் கணித்துக் கழித்து, வெங்காயம் உரிப்பதுபோல் உள்ளே செல்லுங்கள்.

வேக இலத்திரன்கள் தாம் ஓடும் திசையிலேயே அதிகம் ஒளிர்கின்றன. நிலாவெளி வீதியில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு கண்ணைக் கூசவைக்கும், கடந்துபோனதன் விளக்கு கூசாது. ஆகவே படத்தில் ஒரு பக்கம் பிரகாசமாக இருந்தால், அங்கே இலத்திரன்கள் அதிகம் என்று எழுதுவதற்கு முன், கமரா அவற்றை எதிர்கொண்டு பார்த்ததா, பின்னாலிருந்து பார்த்ததா என்று சரிபாருங்கள்.