புதுப் பாட்டு தேடும் மாணவருக்கு

ஸ்பாட்டிஃபை இசைச் செயலியின் 'டிஸ்கவர் வீக்லி' என்ற பரிந்துரைப் பட்டியல் திங்கட்கிழமைதோறும் 30 பாட்டு தரும். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமாவது கேளுங்கள். பல்லவி வருமுன் தாண்டினால் நல்ல பாட்டும் நழுவிவிடும். பிடித்ததை உடனே தனிப் பட்டியலில் சேருங்கள், அடுத்த திங்கட்கிழமை பழையது மறைந்துவிடும்.

பரிந்துரை கெடுவது பரீட்சைக் காலத்தில்தான். படிக்கும்போது மணிக்கணக்கில் ஓடும் பின்னணி இசையையே உங்கள் ரசனை என்று செயலி எடுத்துக்கொள்ளும். அப்போது, கேட்பதைப் பரிந்துரைக் கணக்கில் சேர்க்காமலிருக்க உதவும் 'பிரைவேட் செஷன்' போடுங்கள். அது தானாக அணைந்துவிடும், மறுநாள் மறுபடி போட வேண்டும்.

இதைவிட அருமையான வழி, வாத்தியம் வாசித்தவரைப் பின்தொடர்வது. ரகுமான் பாட்டில் புல்லாங்குழல் ஈர்த்ததா? நவீன்குமாரைத் தேடுங்கள். பாஸ் கித்தார் என்றால் கீத் பீட்டர்ஸ். செயலியில் வாத்தியக்காரர் பெயர் பல நேரம் விடுபடும். யூடியூபில் பாட்டின் கீழுள்ள குறிப்பையும் குறுந்தகட்டு உறையையும் பாருங்கள்.